உன்ட எக்செல்ல மழை பெய்யல்ல, மகன்

வேலைய விடப் போறாயாம், மகன். உம்மா வந்து சொன்னா. நேத்தையில இருந்து சோறு இறங்கல்லயாம். உனக்கில்ல, உம்மாக்கு. நீ ரெண்டு தரம் போட்டுத் தின்னுட்டு, ஏப்பம் விட்டுக்கிட்டுத்தான் வந்து நிக்கிறாய். நல்லது. வயிறு நிறைஞ்சவன்தான் வியாபாரம் செய்யலாமா வேணாமா எண்டு யோசிப்பான். பசிச்சவன் யோசிக்க மாட்டான், செஞ்சிருவான்.

கொழும்புல ஏசிக்குள்ள இருந்து கம்பியூட்டர் தட்டுற புள்ள நீ. மாசம் முடிய பேங்குல சல்லி விழுகுது. இப்ப என்னண்டா, "அப்பா, ஐடி அலுத்துப் போச்சி, சொந்தமா பிஸ்னஸ் செய்யப் போறன்" எண்டு சொல்றாய். செய்யன். யாரு வேணாமெண்ட? புல்மோட்டைச் சந்தியில எத்தின கட இருக்கு எண்டு பாத்தியா? அதுல ஒருத்தனாவது ஆறு மாசம் தூக்கம் கெட்டு, இங்கிலீசுப் புத்தகம் நாலு படிச்சி, மறுகா கட வச்சானா? வச்சான். நிண்டவன் நிக்கிறான், மூடினவன் மூடினான். உனக்கு மட்டும் இது என்ன பெரிய மஸ்அலா?

சரி, அந்தக் கம்பியூட்டரத் திற. காட்டு பாப்பம்.

ஓ, கருவாடு! புல்மோட்டைக் கருவாட்ட ஒன்லைன்ல விக்கிற. பேரு இங்கிலீசு. லோகோ நல்லாத்தான் இருக்கு, மீன் சிரிக்குது. தலைய வெட்டி, வயித்தப் பிளந்து, உப்புப் போட்டுக் காய வச்ச மீன் எதுக்கு மகன் சிரிக்குது? சரி, அத விடு. கார்டும் அடிச்சாச்சி. உன்ட பேருக்குக் கீழ "பவுண்டர், சிஇஓ". இன்னம் ஒரு கிலோ விக்கல்ல, அதுக்குள்ள சிஇஓ. நம்மட கடற்கரையில காலம் பூரா கருவாடு போட்ட மனிசனுகள் எத்தின பேரு மௌத்தாப் போனாங்க. ஒருத்தன்ட மீஸான் கல்லுலயும் சிஇஓ எண்டு எழுதல்ல.

இதென்ன, ஏணி வச்சிருக்காய்? ஆ, இது எக்செல். மாசத்துக்கு மாசம் விற்பன ஏறுது. ஜனவரியில இவ்வளவு, பெப்ரவரியில இவ்வளவு, ஒக்டோபர்ல அதுக்கு மேல, நவம்பர்ல அதுக்கும் மேல. நிப்பாட்டு. நவம்பர்ல ஏறுதா? மகன், நீ எந்த ஊருல பொறந்தாய்? ஒக்டோபருக்குப் பொறகு வாட தொடங்கினா, இந்தக் கடல் போட்ட இறக்க விடுமா? மழை கொட்டுற ரெண்டு மூணு மாசத்துல கருவாடு எங்க காயும், உன்ட கம்பியூட்டருக்கு மேலயா? ஏசி அறையில இருந்து கணக்குப் போட்டா இப்பிடித்தான். உன்ட எக்செல்ல மழை பெய்யல்ல.

இப்ப நான் ஒரு கணக்குச் சொல்றன், மனசுல போடு. உனக்குச் சம்பளம் மூணு லட்சம் எண்டு வையேன். கூடக் குறைய இருக்கும், அது எனக்கு வேணாம். ஒரு கிலோ கருவாடு வித்தா, எல்லாச் செலவும் போக முன்னூறு ரூவா கையில நிக்குது எண்டும் வையேன். அப்ப இந்தச் சம்பளத்த எடுக்க மாசம் எத்தின கிலோ விக்கோணும்? ஆயிரம் கிலோ. பச்ச மீன் காஞ்சா, மீனப் பொறுத்து, மூணுல ஒரு பங்குதான் தேறும். அப்ப மாசம் மூவாயிரம் கிலோ மீன் உனக்கு வேணும். மூணு தொன்! இத யாரு வெட்டுற? யாரு கழுவுற? யாரு புரட்டிப் புரட்டிக் காய வைக்கிற? காகம் யாரு விரட்டுற? இதுக்கு ஒரு ஆப் இருக்கா? அந்த எக்செல்ல வரி வரியாத் தேடினன், காகத்துக்கு ஒரு வரி இல்ல.

உப்புக்கு ஒரு வரி இருக்கு, பாத்தன். அதையும் பழைய விலையில போட்டிருக்காய். 2025 மே மாசம் மறந்து போச்சா? சுத்திவரக் கடல் உள்ள நாடு, நிலாவெளிப் பக்கம் போனா உப்பளம், கடையில மட்டும் உப்பு இல்ல. மழை பெஞ்சி விளைச்சல் கெட்டுப் போச்சாம். இந்தியாவுல இருந்து கப்பல்ல உப்பு வந்திச்சி. கடலுக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு உப்புக்குக் கப்பல் பாத்த ஆக்கள் நாங்க.

முகம் வாடாத, மகன். நான் உன்னத் தடுக்க வரல்ல. ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லு. உனக்கு ஐடி அலுத்திச்சா, இல்லாட்டி உனக்கு மேல இருக்கிற மனேஜர் அலுத்தாரா?

பாத்தியா, சிரிக்கிறாய். அங்கதான் விசயம் கிடக்கு. ராத்திரி பதினொரு மணிக்கு மீட்டிங் போடுறாராம், செஞ்ச வேலைய தன்ட பேருல காட்டுறாராம். அதுக்கு வேற கொம்பனி தேடு. அதுக்காக வியாபாரத்துக்கு வாறது, நுளம்பு கடிக்குது எண்டு கடலுக்குள்ள போய்ப் படுக்கிற மாதிரி. வியாபாரத்துல மனேஜர் இல்ல எண்டு உனக்கு யாரு சொன்ன? சாமான் வாங்குறவன் ஒவ்வொருத்தனும் மனேஜர். மீன் தாறவன் மனேஜர். லொறிக்காரன் மனேஜர். இவங்கள்ல ஒருத்தனும் உனக்கு வருசத்துக்கு பதினாலு நாள் லீவு தர மாட்டான்.

நீ திட்டுற அந்த வேலையையும் ஒருக்காத் திருப்பிப் பாரு. உன்ட சம்பளத்துல இருந்து ஈபிஎப்புக்கு நூத்துக்கு எட்டு வெட்டுறான் எண்டு குறை சொல்றாய். கொம்பனிக்காரன் தன்ட கையால பன்னெண்டு போடுறான், ஈடிஎப்புக்கு இன்னம் மூணு போடுறான், அத எப்பவாவது பேசினியா? நாளைக்கு நீ சிஇஓ ஆனா, காகம் விரட்டுற பொடியனுக்கு அந்தப் பன்னெண்டும் மூணும் நீதான் கட்டோணும். அந்த வரியும் எக்செல்ல இல்ல. தேடினன்.

2022 ஞாபகம் இருக்கா? மார்ச்சுல டொலர் இருநூறு ரூவா கணக்குல நிண்டிச்சி. மே மாசம் முந்நூத்தி அறுபது. அந்த வருசம் நம்மட கடற்கரையில நடந்தது உனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் இல்லாம போட்டெல்லாம் கரையில கவுந்து கிடந்திச்சி. ஓகஸ்டுல எண்ணெய்க்கு விலை சொன்னான். எண்பத்தேழு ரூவா லீட்டரு ஒரே ராவுல முந்நூத்தி நாப்பது. தொழிலுக்குப் போறவன் தலையில கை வச்சிக்கிட்டு இருந்தான். அப்ப இந்த ஊருல அரிசிச் சாக்கோட, பால்மாப் பெட்டியோட வந்திறங்கினவங்க யாரு? டொலர்ல சம்பளம் எடுத்த உன்ட கூட்டாளிமார்தான். வெளிநாட்டுக்கு வேல செஞ்சி வாற சல்லிக்கு 2025 ஏப்ரல்ல இருந்து பதினஞ்சி வீதம் வரியாம் எண்டு இப்ப அழுறாங்க. அழட்டும். வரி கட்ட வருமானம் இருக்கே எண்டு நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கிட்டு இருக்கன்.

ஏஐ வந்து உன்ட வேலைய எடுத்திரும் எண்டு பயமா? எடுக்கலாம். கருவாட்ட அது எடுக்காது எண்டு நினைச்சித்தான் இங்க ஓடி வாறாய், எனக்கு விளங்குது. பயந்து ஓடுறவன் ஓடுற இடத்தப் பாத்து ஓடோணும், அவ்வளவுதான்.

இப்ப நீ போன்ல காட்டுற பெரிய மனிசர்களுக்கு வருவம். முதல்ல அந்தத் தஞ்சாவூர்ப் பக்கத்து ஸ்ரீதர் வேம்பு. வேட்டியோட சைக்கிள் ஓடுற போட்டோவப் பாத்துட்டு, நீயும் சாரத்த மடிச்சிக் கட்டிக்கிட்டு ஊருக்கு வந்திட்டாய். மகன், அவர் அமெரிக்காவுல குவால்கொம்முல வேல செஞ்சவர். 1996 இல சொந்தக் கொம்பனி தொடங்கினார், அதுதான் இப்ப சோஹோ. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்கு வந்து குடியிருந்தது 2019 இல. இடையில இருபத்திமூணு வருசம். அந்த இருபத்திமூணு வருசத்த போட்டோ எடுக்க ஏலாது. கொம்பனி வந்த பொறகுதான் சைக்கிளும் வேட்டியும் வந்திச்சி. நீ சைக்கிள முதல்ல வாங்கிட்டாய்.

நம்மட நாட்டுலயே ஒருத்தர் இருக்கார், சஞ்சீவ வீரவரண. ஐபிஎம்முல ஆராய்ச்சி செஞ்ச மனிசன். 2005 இல டபிள்யூஎஸ்ஓ2 எண்டு கொம்பனி தொடங்கினார். 2024 இல அத வெளிநாட்டுக்காரன் அறுபது கோடி டொலருக்கு மேல குடுத்து வாங்கினான். அந்தப் பெரிய மனிசன் கொழும்புல தன்ட கார வாடகைக்கு ஓட்டி, ரோட்டுல ஆள் ஏத்தி இறக்கினவர். இதுல ஒரு கேவலமும் இல்ல எண்டு காட்டுறதுக்காம். நீ என்னண்டா கருவாடு விக்கிறன் எண்டு சொல்ல வெக்கப்பட்டு "சீபூட் பிராண்ட்" எண்டு சொல்றாய். வெக்கப்படுறவன் கையில கருவாடு நாறத்தான் செய்யும்.

இந்த ரெண்டு பேரையும் நல்லாப் பாரு. விட்டது எத? வேலைய. தொழில விட்டாங்களா? இல்ல. கம்பியூட்டர் தெரிஞ்சவங்க கம்பியூட்டர்லயே கட போட்டாங்க. அவங்களுக்கு எங்க தேய்மானம், எங்க லாபம், யாரு வாங்குவான், எவ்வளவுக்கு வாங்குவான் எண்டு ஏற்கனவே தெரியும். நீ வேலையையும் விடுறாய், தெரிஞ்ச தொழிலையும் விடுறாய். ஒரே நாள்ல ரெண்டையும் விட்டுட்டு, "அப்பா, துஆ செய்ங்க" எண்டு வந்து நிக்கிறாய். துஆ செய்றன். ஆனா அதுக்கும் ஒரு அளவு இருக்கு, வாப்பா.

"தொழில மாத்தினவங்க இல்லயா அப்பா?" இருக்காங்க. அந்த வயநாட்டு முஸ்தபாட கதைய நீ எனக்குச் சொல்ல வந்தாய், நான் உனக்குச் சொல்றன் கேளு. சென்னலோடு எண்ட ஊருல கூலிக்காரன்ட மகன். ஆறாம் வகுப்புல பெயில். மறுகா ஒரு வாத்தியார்ட தயவால படிச்சி, கள்ளிக்கோட்டையில எஞ்சினியராகி, மோட்டரோலாவுல வேல, துபாயில சிட்டி பேங்குல வேல. 2005 இல பெங்களூருல தோசமா விக்கத் தொடங்கினார். இந்த அளவுக்கு உனக்குத் தெரியும். வீடியோவுல பாத்திருப்பாய், பின்னால தபேலா வேற அடிச்சிருப்பான்.

வீடியோவுல கெதியா ஓடிப் போற இடத்த நான் சுணங்கிச் சொல்றன். அந்த யோசனை அவருக்கு வந்தது கம்பியூட்டருக்கு முன்னால இல்ல. அவர்ட சொந்தக்காரப் பொடியன்மார் பெங்களூருல பலசரக்குக் கட வச்சிருந்தாங்க. அந்தக் கடைக்கு யாரோ மாவ பிளாஸ்டிக் பையில போட்டு, ரப்பர் பட்டியால கட்டிக் கொண்டு வந்து குடுக்கிறான். வாங்குற பொம்புளைகள் ஏசுறாங்க, மாவு சரியில்ல, சுத்தமில்ல எண்டு. அந்த ஏச்ச தினமும் கேட்டது யாரு? கல்லாவுல நிண்ட பொடியன். அவன்தான் சொன்னான், இத நாமளே நல்லாச் செஞ்சா என்ன எண்டு. ஆள் வாங்குறான், வாங்கிட்டு ஏசுறான், அடுத்த நாள் திரும்பவும் வாங்குறான். இதவிட நல்ல இடம் வியாபாரத்துக்கு எங்க இருக்கு?

மறுகா என்ன செஞ்சார்? லட்சக்கணக்குல கடன் எடுத்தாரா? வேலைய தூக்கி எறிஞ்சிட்டு பேஸ்புக்குல எழுதினாரா? சின்னதா ஒரு அறை, ரெண்டு கிரைண்டர். சல்லிய இவர் போட்டார், பொடியன்மார் அரைச்சாங்க. ஒரு நாளைக்கு நூறு பக்கட் விக்கிறதுக்கே மாதக்கணக்காப் போச்சி. அது நிண்டு பிடிக்குது எண்டு கண்ட பொறகுதான் அவர் முழு நேரமா உள்ள வந்தார். சல்லி உள்ள ஒருத்தன், கட தெரிஞ்ச நாலஞ்சி பேர், ஒண்டா நிண்டாங்க. உனக்கு கருவாடு தெரிஞ்ச ஆள் யாரு இருக்கு? நான் இருக்கன் எண்டு சொல்லாத. எனக்கு கருவாட்டுல தெரிஞ்சது பொரிச்சித் தின்ன மட்டுந்தான்.

இன்னொரு பகடியும் இதுக்குள்ள கிடக்கு, கேளு. 2017 இல அந்த மாவுக் கொம்பனிக்குப் பெரிய முதல் போட்டவர் யாரு தெரியுமா? அசிம் பிரேம்ஜி. விப்ரோ முதலாளி. ஐடி ராசா. அவர்ட வாப்பா 1945 இல அந்தக் கொம்பனியத் தொடங்கினது கம்பியூட்டருக்கு இல்ல, சமையல் எண்ணெய்க்கு. 1966 இல வாப்பா மௌத்தாக, இருபத்தியொரு வயசுப் பொடியன் அமெரிக்காவுல படிப்ப விட்டுட்டு ஓடி வந்து எண்ணெய்க் கணக்குப் பாத்தார். கம்பியூட்டர் எல்லாம் அதுக்கு ரொம்பப் பொறகு. எண்ணெய் வித்தவர் ஐடிக்குப் போனார், ஐடி படிச்சவர் மாவுக்கு வந்தார், அவர்ட சல்லி இவர்ட மாவுக்குள்ள. எண்ணெயும் மாவும் சேந்தா தோசை எண்டு எனக்குத் தெரியும், இதுக்கு எதுக்குடா எம்பிஏ?

நம்மட ஊரையே எடு. இந்தக் கடற்கரையில கறுப்பு மண் கிடக்கு. இல்மனைட், ரூடைல், சிர்கோன் எண்டு பேரெல்லாம் வச்சிருக்கான். 1957 இல அரசாங்கம் இதுக்கெண்டே கூட்டுத்தாபனம் போட்டிச்சி. உன்ட அப்பன், பாட்டன் காலத்துல இருந்து மண்ண அள்ளுறான், கழுவுறான், பிரிக்கிறான், கப்பல்ல ஏத்துறான். அந்த மண்ணுக்குள்ள டைட்டானியம் இருக்காம். அதுல வெள்ளைப் பெயின்டுக்குச் சாயம் செய்வான். நாம மண்ண வித்த சல்லியில, வெளியால இருந்து வாற பெயின்ட வாங்கிப் பள்ளிச் சுவருக்குப் பூசுவம். 2023 இல வந்த அந்த ஐபோனுக்குச் சட்டம் டைட்டானியமாம். அதுக்கு நீ எத்தின மாசச் சம்பளம் குடுத்தாய்? காலால மிதிச்சிக்கிட்டுத் திரிஞ்ச சாமான காதுல வச்சிக்கிட்டுப் பேசுறாய்.

இதுல உனக்கு ஒரு பாராட்டு இருக்கு, எடுத்துக்க. நீ கருவாட்ட சாக்குல கட்டி அனுப்பாம, சுத்தம் பாத்து, நிறுத்து, காத்துப் புகாம அடைச்சி விக்கோணும் எண்டு யோசிச்சிருக்காய். அது சரியான யோசனை. மண்ண மண்ணாவே வித்தவன் ஊருல அப்பிடி ஒரு புள்ள யோசிச்சா, அத நான் இளக்காரம் பண்ண மாட்டன். சிரிக்கிற மீன மட்டும் எடுத்துப் போடு.

ஆனா மகன், பக்கட்டுக்குள்ள போட முதல்ல மீன் வரோணும். மீன் எங்க இருந்து வரும்? "கரையில வாங்குவன்." யாருட்ட? வெள்ளாப்பு நேரம் எழும்பி ஒரு நாளாவது போட் வாற இடத்துல நிண்டியா? கரைக்கு வாற மீன்ல பெரும்பங்கு கடல்ல இருக்கும்போதே வித்துப் போன மீன். போட் வாங்க, எஞ்சின் வாங்க, வலை வாங்க, பெருநாளைக்கு உடுப்பு வாங்க, மகளுக்குக் கலியாணம் முடிக்க, எல்லாத்துக்கும் முதலாளி முன்காசு குடுத்திருப்பார். கடனத் திருப்பிக் கேக்க மாட்டார். அவருக்குக் கடன் வேணாம், மீன்தான் வேணும். கடன் நிக்கிற வரைக்கும் மீன் அவருக்கு, அவர் சொல்ற விலைக்கு. நீ கார்டும் கையுமா வந்து "நான் கிலோவுக்கு அம்பது ரூவா கூடத் தாறன்" எண்டா, தொழிலாளி உன்னப் பாத்துச் சிரிப்பான். மழை மாசத்துல அவன்ட அடுப்பு எரிஞ்சது யாருட சல்லியில? நீ அப்ப கொழும்புல மீட்டிங்ல இருந்தாய்.

இந்த ஊரு வியாபாரத்துக்கு அடித்தளம் சல்லி எண்டு நினைக்கிறாய். இல்ல மகன், கடன் கொப்பி. சந்தியில உள்ள கடைக்காரன்ட கல்லாவுக்குக் கீழ ஒரு கொப்பி இருக்கும். மூல மடங்கி, எண்ணெய் பிடிச்சி, ரப்பர் பட்டி போட்டு. ஊருல யாரு வீட்டுல என்ன நடக்குது எண்டு அந்தக் கொப்பிக்குத் தெரியும். தொழில் இல்லாத மாசம் எல்லாரும் எழுதி வாங்குவான். தொழில் தொடங்கினதும் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டுவான். கட்டுறவன் யாரு, கட்டாதவன் யாரு, கட்ட மனசிருந்தும் ஏலாதவன் யாரு, ஏலுமா இருந்தும் மற்ற ரோட்டால சுத்திப் போறவன் யாரு, இதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். கடன் குடுக்காட்டி கட ஓடாது. எல்லாருக்கும் குடுத்தா கட நிக்காது. இந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள கோட்ட எந்தப் பல்கலைக்கழகத்துல படிப்பிக்கிறான்? நீ ராத்திரி பகலா புரோகிராம் எழுதுறாய், பிழை வந்தா செவப்புல காட்டும். மனிசன் கடன் கேட்டு வரும்போது செவப்புல ஒண்டும் காட்டாது. சலாம் சொல்லித்தான் வருவான்.

கொழும்புல பெரிய சுப்பர்மார்க்கட்டுக்குக் குடுப்பன் எண்டு சொல்றாய். அங்க மட்டும் என்ன? சாமான இண்டைக்கு எடுப்பான், சல்லிய மாசம், ரெண்டு மாசம் கழிச்சித் தருவான். ஏசியும் டையும் போட்டுக்கிட்டுக் கடன் கேக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ரெண்டு மாசமும் நீ மீனுக்கு, உப்புக்கு, காகம் விரட்டுற பொடியனுக்கு எங்கால குடுப்பாய்? லாபம் கடதாசியில இருக்கும், சல்லி அவன்ட்ட இருக்கும், மீன்காரன் உன்ட வீட்டு வாசல்ல இருப்பான்.

"பேங்குல எடுக்கலாம்." எடு. சம்பளத் துண்டு இருக்கிற வரைக்கும் பேங்குக்காரன் கதிரை போட்டு இருத்துவான். வேலைய விட்ட அடுத்த நாள் போ, ஏதாவது ஈடு வைக்கச் சொல்வான். உறுதி கேப்பான். யாருட உறுதி? உம்மாட வீட்டு உறுதி. அது உன்ட வீடா? அது உன்ட தங்கச்சிட சீதன வீடு, மகன். நம்மட பக்கத்துல வீடு பொம்புளப் புள்ளைக்கு எண்டு நீ பொறக்க முதல் எழுதி வச்ச விசயம். தங்கச்சிட கூரைய வச்சிக் கருவாடு காயப் போடப் போறியா? கட்ட ஏலாமப் போனா, சில கடனுக்குக் கோட்டுக்குப் போகாமலே ஏலம் போட பேங்குக்கு அதிகாரம் இருக்கு. 1990 ஆம் ஆண்டுச் சட்டம், பராட்டே எண்டு சொல்றது. 2022 க்குப் பொறகு எத்தின சின்ன முதலாளிமார் அந்தப் பேரக் கேட்டு நடுங்கினாங்க. மத்திய வங்கி ஒரே நாள்ல வட்டிய ஏழு வீதம் ஏத்தின வருசம் அது. கூச்சல் போட்டு, 2024 இல கொஞ்சக் காலத்துக்கு அந்த ஏலத்த நிப்பாட்டி வச்சாங்க. நிப்பாட்டி வச்சது உனக்காக இல்ல. வட்டி ஹராமா ஹலாலா எண்டு நான் உனக்குப் பயான் பண்ணல்ல. அத மௌலவிட்ட கேளு. அவர் சொல்றதும் நான் சொல்றதும் இந்த இடத்துல ஒண்டுதான், அவருக்கு ஆகிரத்து, எனக்கு தங்கச்சிட கூரை.

கருவாடு வேணாமெண்டா நிலாவெளியில கஃபே போடலாமாம். யாரு சொன்ன, உன்ட கூட்டாளியா? 2018 இல இந்த நாட்டுக்கு இருபத்திமூணு லட்சம் வெள்ளக்காரன், கறுப்பன், எல்லாரும் வந்தான். அத நம்பி ரூம் கட்டினவன் எத்தின பேர். 2019 ஏப்ரல்ல குண்டு, 2020 இல கொரோனா, 2021 இல வந்தது ரெண்டு லட்சமும் இல்ல, 2022 இல பெற்றோல் கியூ. இப்ப திரும்பவும் ஆள் வருது, உண்ம. இடையில நாலு வருசம் வெறும் ரூமுக்குக் கரண்ட் பில் கட்ட உன்ட்ட என்ன இருக்கு?

சரி, எழும்பு. பிளேன்டி ஆறிப் போச்சி. முடிவ நான் சொல்ல மாட்டன், நீயே எடு. ஆனா எடுக்க முதல் ஒரு வேல செய். ராசினாமாக் கடிதத்த இப்ப குடுக்காத. குச்சவெளிப் பிரதேச செயலகத்துக்கு ஓடி வியாபாரப் பேரும் பதியாத, அது அங்கயேதான் இருக்கும். நாளைக்கு வெள்ளன எழும்பிக் கரைக்குப் போ. கருவாடு போடுற யாராவது ஒருத்தருக்கு சலாம் சொல்லு, கார்டக் காட்டாத. பத்துக் கிலோ வாங்கு, கைக்காசுக்கு. உன்ட அறையில இருந்து நீயே வெட்டி, நீயே நிறுத்து, நீயே பக்கட் பண்ணு. கை நாறும், பரவாயில்ல. திங்கக்கிழம கொழும்புக்குப் போற பஸ்ஸுல ஏத்திக்கிட்டுப் போ, பக்கத்து சீட்டுக்காரன் ஏசினா அதுதான் உன்ட முதல் வாடிக்கையாளர்ட கருத்து. ஆபீஸுல கொண்டு போய் வில். சொந்தக்காரனுக்கு வித்தது கணக்குல சேராது, அவன் வாங்கினது கருவாட்ட இல்ல, உன்ட முகத்த.

ஒரு கொப்பியும் கொண்டு போ, மறந்திராத. ஏனெண்டா பத்துக் கிலோவுல ரெண்டு கிலோவ எடுத்து மேசைக்குக் கீழ வச்சிட்டு, "சம்பளத்துக்குத் தாறன்டா" எண்டு சொல்லப் போறது யாரு தெரியுமா? உன்ட மனேஜர். குடுப்பாயா, மாட்டாயா? அடுத்த மாசம் எப்பிடிப் போய்க் கேப்பாய்? அத வந்து எனக்குச் சொல்லு, மறுகா சிஇஓவப் பத்திப் பேசுவம்.